வியூஃபைண்டரைக் கண்ணுக்குப் பொருத்துவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவருக்கு 46 வயது. மூக்குக்கண்ணாடி போடுபவர். இரண்டு கண்ணுக்கும் பவர் மைனஸ் 2.25, வலது கண்ணுக்கு மட்டும் கூடுதலாகச் சிலிண்டர் மைனஸ் 1. யாரோ பயன்படுத்திய நிக்கான் டி3500 கேமரா ஒன்றை வாங்கியிருக்கிறார். படமெடுக்கும்முன் கண் வைத்துக் காட்சியைப் பார்க்கும் வியூஃபைண்டரில் பார்த்தால் எல்லாமே கலங்கலாகத் தெரிகிறது. ஆனால் எடுத்த படத்தைக் கணினியில் திறந்தால் கூர்மையாக இருக்கிறது. கேமரா பழுதா, லென்ஸ் பழுதா, மூக்குக்கண்ணாடியோடு பார்ப்பதா, கழற்றிவிட்டுப் பார்ப்பதா என்று கேட்கிறார்.

முதலில், சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள். படம் கூர்மையாக விழுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். லென்ஸும் ஆட்டோஃபோகஸும் நன்றாக இருப்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. கலங்கல் இருப்பது வியூஃபைண்டரின் கண் வைக்கும் துளைக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவில். அதைச் சரி செய்ய அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய திருகு இருக்கிறது. ப்ளஸ், மைனஸ் குறி போட்டிருக்கும். டையாப்டர் திருகு என்பார்கள். பழைய கேமரா வாங்கியவர்கள் முதலில் தொட வேண்டியது இதைத்தான். முன்பு வைத்திருந்தவர் அவருடைய கண்ணுக்கு ஏற்றபடி அதைத் திருகி வைத்திருப்பார், அல்லது பையிலிருந்து எடுக்கும்போதும் வைக்கும்போதும் தானாகவே நகர்ந்திருக்கும்.

திருகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பெரும்பாலானோர் திருகும் விதமே தவறு. அதைப் புரிந்துகொள்ள, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

லென்ஸ் வழியாக வரும் ஒளி, கேமராவுக்குள் சாய்ந்து நிற்கும் மிரரில் பட்டு மேலே திரும்புகிறது. மேலே தேய்த்த கண்ணாடி போல ஒரு சின்ன ஸ்கிரீன் படுத்திருக்கும். காட்சி அதன்மேல்தான் விழுகிறது. லென்ஸிலிருந்து அந்த ஸ்கிரீனுக்கு உள்ள தூரமும் பின்னால் இருக்கும் சென்சாருக்கு உள்ள தூரமும் சமம்; அதனால் ஸ்கிரீனில் கூர்மையாக விழுந்தால் படத்திலும் கூர்மையாக விழும். டி3500இல் இந்த ஸ்கிரீன் ஏறக்குறைய ஒரு தபால்தலை அளவுதான். அவ்வளவு சிறியதை அவ்வளவு கிட்டத்தில் வைத்து வெறும் கண்ணால் பார்க்க முடியாது. அதற்காகத்தான் கண் வைக்கும் இடத்தில் ஒரு பூதக்கண்ணாடி. டையாப்டர் திருகு அசைப்பது அந்தப் பூதக்கண்ணாடியை மட்டுமே.

ஆட்டோஃபோகஸ் இந்தப் பாதையிலேயே வருவதில்லை. மிரரின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியைத் தன்னூடே விட்டுவிடும். பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி மிரர் அதைக் கீழ்நோக்கித் திருப்பி, கேமராவின் அடியில் உள்ள ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும். அதனால் டையாப்டர் எந்த மூலையில் கிடந்தாலும் ஆட்டோஃபோகஸ் தன் வேலையைச் சரியாகச் செய்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுவே.

இனி எண்கள். டையாப்டர் என்ற அளவை 1872இல் முன்மொழிந்தவர் ஃபெர்டினான்ட் மொனோயே என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர். கணக்கு எளியது: 1ஐ மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் டையாப்டர். மைனஸ் 1 என்றால் பிம்பம் கண்ணுக்கு 1 மீட்டர் தள்ளி இருப்பது போலத் தெரியும். மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். மைனஸ் 4 என்றால் கால் மீட்டர். நிக்கான் தன் வியூஃபைண்டரின் நடுநிலையை மைனஸ் 1 என்று வைத்திருக்கிறது. தபால்தலை அளவு ஸ்கிரீன் உங்கள் முகத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தொங்கும் ஒரு பெரிய படம் போலத் தெரிய வேண்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். கிட்டப்பார்வைக்காரருக்கு ஒரு மீட்டரும் தூரம்தான். அவருக்குப் படத்தை இன்னும் கிட்டே இழுத்துத் தருவது மைனஸ் பக்கம். தூரப்பார்வைக்காரருக்கும், வெள்ளெழுத்து வந்து ஒரு மீட்டரில் கண் நிற்காதவருக்கும் படத்தைத் தள்ளி வைப்பது ப்ளஸ் பக்கம்.

டி3500இல் இந்தத் திருகு மைனஸ் 1.7 முதல் ப்ளஸ் 0.5 வரைதான் போகும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் உங்களுக்கு மைனஸ் 2.25 வேண்டும். ஆகவே கழற்றிவிட்டு எவ்வளவு திருகினாலும் அது எட்டாது. கண்ணாடியோடு பாருங்கள். உங்கள் விஷயத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு; சிலிண்டர் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

சரி, எப்படித் திருகுவது? எல்லோரும் செய்வது இப்படி: கேமராவை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, எதிர்வீட்டுப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே, அது தெளியும்வரை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

ஒன்று, பார்க்கும் பொருள். பெயர்ப்பலகை கலங்கியிருந்தால் அது லென்ஸின் ஃபோகஸாலும் இருக்கலாம், டையாப்டராலும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க முடியாது. நீங்கள் பார்க்க வேண்டியது வியூஃபைண்டருக்குள் உள்ள ஃபோகஸ் புள்ளிகளின் கட்டங்களையும் கோடுகளையும். லென்ஸ் என்ன செய்தாலும் அவற்றின் கூர்மை மாறாது. காட்சி கண்ணை இழுக்காமலிருக்க, லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி மிகக் கிட்டத்துக்குத் திருப்பிவிட்டு வெறும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். சுவர் வெறும் வெளிச்சமாகிவிடும். கட்டங்கள் மட்டும் மிஞ்சும். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் கீழே எண்களும் ஒளிரும். எண்களைவிடக் கட்டங்களை நம்புவது நல்லது. அவை ஸ்கிரீனோடு சேர்ந்தவை.

இரண்டாவது தவறு முன்னும் பின்னும் ஆட்டுவது. நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தானாகவே பருத்து, கிட்டத்துப் பொருளுக்கு ஏற்ப மாறிக்கொள்ளும். திருகு மைனஸ் பக்கம் அதிகமாகப் போய்விட்டாலும், கண் சிரமப்பட்டு அதை ஈடுகட்டித் தெளிவாகக் காட்டிவிடும். உங்களுக்குத் தெளிவு என்று தோன்றும். ஆனால் கண்ணின் தசை முழு நேரமும் இறுகியே இருக்கும். ஒரு மணி நேரம் படமெடுத்ததும் புருவத்துக்கு மேல் வலி வருகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இது. எதிர்ப்பக்கத்தில் இந்த ஏமாற்று நடக்காது. ப்ளஸ் அதிகமானால் கண்ணால் ஈடுகட்ட முடியாது, கலங்கல் கலங்கலாகவே இருக்கும்.

அதனால் திருகை முதலில் ப்ளஸ் முனைக்கே கொண்டுபோய்விடுங்கள். கட்டங்கள் மங்கட்டும். அங்கிருந்து மைனஸ் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாருங்கள். முதன்முதலாகக் கோடுகள் கூர்மையாகும் இடத்தில் நின்றுவிடுங்கள். அதற்கு அப்புறம் இன்னும் திருகினாலும் கூர்மை அப்படியேதான் இருக்கும், சிலருக்கு இன்னும் கருப்பாக, ‘நன்றாக’ இருப்பது போலக்கூடத் தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். முதல் கூர்மைதான் சரியான இடம். கண் பரிசோதனையில் முதலில் வேண்டுமென்றே ப்ளஸ் லென்ஸ் போட்டு எழுத்தை மங்க வைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு “இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா?” என்று கேட்பார்களே, அதே முறைதான் இது.

திருகில் ப்ளஸ், மைனஸ் குறி தேய்ந்து போயிருந்தால் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். எந்த முனையில் சில விநாடிகள் பார்த்ததும் தானாகத் தெளிகிறதோ அது மைனஸ் முனை. எந்த முனையில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெளியவில்லையோ அது ப்ளஸ். கண்ணுக்கு இன்னும் இளமை மிச்சமிருப்பவர்களுக்கு இந்தச் சோதனை நன்றாகவே வேலை செய்யும்.

திருகும்போது ஒவ்வொரு முறையும் கண்ணை எடுத்து, இரண்டு மூன்று விநாடி தூரத்தில் எதையாவது பார்த்துவிட்டு மறுபடி வையுங்கள். கண் தளர்வதற்காக. கண்ணைச் சுருக்கிப் பார்க்காதீர்கள். இமை குறுகினால் ஊசித்துளை வழியாகப் பார்ப்பது போல எல்லாமே ஓரளவு கூர்மையாகத் தெரிந்து உங்களை ஏமாற்றும். முடிந்தால் இரண்டு கண்ணையும் திறந்தே வையுங்கள். இன்னொன்று, கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு விரலால் துழாவித் திருகும்போது நகம் கண்ணில் பட வாய்ப்புண்டு. நிக்கான் தன் கையேட்டிலேயே இதை எச்சரித்திருக்கிறது. கண்ணாடி போட்டிருப்பதால் உங்களுக்கு அந்த ஆபத்து குறைவு.

மூன்று தடவை இப்படிச் செய்து பாருங்கள். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால் அங்கே மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அடுத்த முறை பையில் உரசித் திரும்பியிருந்தாலும் பார்த்ததுமே தெரியும்.

எந்த வெளிச்சத்தில் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. உச்சி வெயிலில் கண்ணின் பாவை சுருங்கி 2 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். லென்ஸின் துளையைக் குறைத்தால் படத்தில் கூர்மை அதிக ஆழத்துக்குப் பரவுகிறதல்லவா, கண்ணுக்கும் அப்படித்தான். வெயிலில் டையாப்டர் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் தெரியாது. அதே கேமராவை மாலையில் வெளிச்சம் குறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோனால் பாவை விரியும், தவறு வெளியே வரும். ஆகவே வீட்டுக்குள், விளக்கு ஒன்று மட்டும் எரியும் அறையில் வைத்துச் சரிசெய்யுங்கள். அங்கே சரியாக இருந்தால் வெயிலிலும் சரியாக இருக்கும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் 50 மில்லிமீட்டர் மேனுவல் லென்ஸ் ஒன்றை அகலத் திறந்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் வெளியே எடுத்ததெல்லாம் பிசகில்லாமல் இருந்தது. மண்டபத்துக்குள் எடுத்ததில் பாதிக்குமேல் முகத்தில் ஃபோகஸ் இல்லை, முகத்துக்குக் கொஞ்சம் பின்னால் நின்றுவிட்டது. லென்ஸ்மேல் சந்தேகப்பட்டு ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்து, பணம் வாங்கிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். பிறகுதான் டையாப்டர் திருகைப் பார்த்தேன்; பை உரசலில் கடைசிவரை போயிருந்தது. அந்தத் தம்பதிக்கு அந்தப் படங்கள் திரும்பக் கிடைக்காது. அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்பும்முன் பேட்டரி பார்ப்பது போல டையாப்டரையும் பார்த்துவிடுகிறேன்.

டையாப்டர் படத்தைப் பாதிக்காது என்று மேலே சொன்னேனே, அது ஆட்டோஃபோகஸுக்கு. மேனுவலில் எடுப்பவர்களுக்கு அது முழு உண்மை ஆகாது. இன்றைய ஸ்கிரீன்கள் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மெல்லியதாகத் தேய்க்கப்பட்டவை. காட்சி முழுவதுமாக ஸ்கிரீனில் ஒட்டிக்கொள்வதில்லை. டையாப்டர் தப்பாக இருந்தால் கண் ஸ்கிரீனை விட்டுவிட்டு, அதற்குச் சற்று முன்னோ பின்னோ மிதக்கும் பிம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்குக் கூர்மையாகத் தெரிவது ஓர் இடத்தில், சென்சாரில் கூர்மை இன்னோர் இடத்தில். டி3500இல் மேனுவலாக ஃபோகஸ் செய்யும்போது வியூஃபைண்டரின் கீழ் மூலையில் வட்டப் புள்ளி ஒன்று ஒளிரும். ஃபோகஸ் சென்சார் ‘சரி’ என்று சொல்வதன் அடையாளம். கண்ணில் சந்தேகம் இருக்கும் நாட்களில் அதை நம்புங்கள்.

இப்போது உங்கள் சிலிண்டர். கண் பரிசோதனைச் சீட்டில் ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ் என்று மூன்று பெட்டிகள் இருக்கும். ஸ்பியர் என்பது எல்லாத் திசைக்கும் ஒரே அளவான பவர். கேமராவின் திருகு தரக்கூடியது அது மட்டும்தான். சிலிண்டர் என்பது ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் தேவைப்படும் பவர்; அந்தத் திசையைச் சொல்வது ஆக்சிஸ். அதைத் திருகால் ஈடுகட்டவே முடியாது. சோதித்துப் பார்க்கலாம்: மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வலது கண்ணால் ஏதாவது கட்டத்தைப் பார்த்தபடி மைனஸ் முனைவரை திருகுங்கள். உங்கள் ஆக்சிஸ் நேராகவோ கிடையாகவோ இருந்தால், கட்டத்தின் படுக்கைக் கோடும் நிற்கும் கோடும் அங்கே ஒரே அளவு தெளிவாக இருக்காது; ஒன்று மற்றதைவிடக் கலங்கலாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து தெளியும் இடம் கிடைக்காது. சிலிண்டர் 0.5 வரை இருந்தால் பெரும்பாலோர் சமாளித்துவிடலாம். 1 என்பது சமாளிக்கும் அளவு இல்லை. வலது கண்ணால் பார்ப்பவராக இருந்தால் மூக்குக்கண்ணாடி போட்டே ஆக வேண்டும், அல்லது சிலிண்டரும் சேர்த்துச் செய்யப்படும் டோரிக் கான்டாக்ட் லென்ஸ் போட வேண்டும்.

இடது கண்ணுக்குச் சிலிண்டர் இல்லை. இடது கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டால் கண்ணாடியைக் கழற்றலாமா? கழற்றலாம், ஒரு துணைக்கருவி வாங்கினால். நிக்கான் டிகே-20சி என்று இந்த வகை கேமராவின் வியூஃபைண்டரில் மாட்டும் சிறு லென்ஸ் உண்டு. மைனஸ் 5 முதல் ப்ளஸ் 3 வரை தனித்தனியாகக் கிடைக்கும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் எண் அந்த லென்ஸின் தனிப் பவர் கிடையாது. கேமராவின் நடுநிலையான மைனஸ் 1ஐயும் சேர்த்த மொத்தம். மைனஸ் 3 என்று எழுதியதை மாட்டினால் மொத்தமாகக் கிடைப்பது மைனஸ் 3தான், மைனஸ் 4 இல்லை. கணக்குப் போட்டு ஆன்லைனில் வாங்காமல், முடிந்தால் கடையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். இதை மாட்டினால் கண் வைக்கும் துளையைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஐகப்பைப் போட முடியாது. எனக்கு இந்த வழியில் அவ்வளவு விருப்பமில்லை. வியூஃபைண்டரில் கண்ணாடி இல்லாமல், தலையைத் தூக்கி ஆட்களைப் பார்க்கக் கண்ணாடியோடு என்று மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தால் தருணம் போய்விடும்.

கண்ணாடியோடு பார்ப்பதில் உள்ள குறை ஓரங்கள் தெரியாமல் போவது. கண்ணை எவ்வளவு தூரம்வரை தள்ளி வைத்தால் முழு சட்டமும் தெரியும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. டி3500இல் அது 18 மில்லிமீட்டர். மூக்குக்கண்ணாடியே கண்ணிலிருந்து 12 முதல் 14 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. மிச்சம் 4 முதல் 6 மில்லிமீட்டர். அதிலும் கண்ணாடியின் தடிமன், ரப்பரின் தடிமன் போக வேண்டும். அதனால் கண்ணாடியை நன்றாக ஒட்டி வையுங்கள், மூலைகளைப் பார்க்க வேண்டியபோது கண்ணை லேசாக அங்கும் இங்கும் நகர்த்துங்கள். ரப்பரைக் கழற்றினால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும், ஆனால் பிளாஸ்டிக்கோ உலோகமோ கண்ணாடியில் கீறல் போடும். நான் ரப்பரோடுதான் வைத்திருக்கிறேன்.

உங்கள் வயதில் விரைவில், ஒருவேளை இப்போதே, பைஃபோக்கலோ புரோக்ரசிவோ எழுதித் தருவார்கள். அப்போது ஒன்றை நினைவில் வையுங்கள். புரோக்ரசிவ் கண்ணாடியில் மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் படிப்படியாக மாறும். கேமராவை ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் வைத்தால் ஒவ்வொரு முறையும் வேறு பவர் வழியாகப் பார்ப்பீர்கள். டையாப்டர் நிலையாக நிற்கவில்லை என்று தோன்றும். தலையை நேராக வைத்து, கண்ணாடியின் மேல்பாதி வழியாகப் பார்த்துச் சரிசெய்யுங்கள். எப்போதும் அதே மேல்பாதியையே பயன்படுத்துங்கள். செங்குத்தாகப் படமெடுக்கக் கேமராவைத் திருப்பும்போதும் இதைக் கவனிக்க வேண்டும்.

வயது ஏற ஏற அதே கேமராவில் ப்ளஸ் பக்கம் நகர வேண்டிவரும். பத்து வயதுக் குழந்தையின் கண் பத்து டையாப்டருக்கு மேல் ஈடுகட்டும். அறுபதில் ஒன்று தேறுவதே கடினம். நடுநிலை மைனஸ் 1இல் இருக்கும் படத்தை இளைஞரின் கண் தன்னையறியாமல் பிடித்துக்கொள்ளும். அறுபது வயதுக் கண்ணுக்கு அதுவே பாரம். அப்பாவும் மகளும் ஒரே கேமராவை மாறி மாறி எடுத்தால், ஒருவர் வைத்த இடம் மற்றவருக்கு ஒத்துவராது. அந்தந்தக் கண்ணுக்கு ஒவ்வொரு புள்ளி வைத்துக்கொள்ளலாம், வேறு வேறு நிறத்தில்.

பின்னாளில் உள்ளே மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்கினால் வேலை இன்னும் எளிது. அங்கே பார்ப்பது ஒரு சின்னத் திரையை. மெனுவை வியூஃபைண்டருக்குள் திறந்து, எழுத்துகளைப் பார்த்து, அதே ப்ளஸிலிருந்து வரும் முறையில் திருகினால் போதும். நிக்கான் இசட்6இல் வரம்பு மைனஸ் 4 முதல் ப்ளஸ் 2 வரை. உங்கள் மைனஸ் 2.25 அதற்குள் வந்துவிடும். அதில் திருகை வெளியே இழுத்தால்தான் திரும்பும் என்பதால் பையில் நகராது. பழைய ஃபிலிம் கேமரா ஆர்வம் வந்தால் எச்சரிக்கை: 1982இல் வந்த நிக்கான் எஃப்எம்2 போன்றவற்றில் திருகே கிடையாது, திருகி மாட்டும் தனி லென்ஸ்தான். லைக்கா எம் வகையின் நடுநிலை மைனஸ் 0.5, அதற்கும் தனி லென்ஸ்தான்.

இவ்வளவும் செய்தும் கட்டங்கள் கூர்மையாகவில்லை என்றால், முதலில் கண் வைக்கும் கண்ணாடியை மென்துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் படலம் பல சமயம் டையாப்டர் தவறு போலவே தெரியும். அப்புறம் நல்ல பார்வையுள்ள ஒருவரிடம் கொடுத்துத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெளிந்து உங்களுக்குத் தெளியவில்லை என்றால், மூக்குக்கண்ணாடியின் பவர் பழையதாகியிருக்கலாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் சேர்ந்து மாறும். கண்புரை தொடங்கும்போதும் மைனஸ் கூடுவதுண்டு. நீங்கள் வைத்த புள்ளியிலிருந்து திருகு சில மாதங்களுக்குள் நகர்ந்துகொண்டே போகிறது, பை உரசலும் காரணமில்லை என்றால், கேமராவை வைத்துவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள். புதுக் கண்ணாடி வந்த அன்றே பழைய புள்ளியை அழித்துவிட்டு மறுபடி ப்ளஸ் முனையிலிருந்து தொடங்குங்கள்.